அக்காவுக்கு வாங்கிய ஆறாம் நம்பர்

என் பீரோவின் அடித்தட்டில் ஒரு ஷூ பெட்டி இருக்கிறது. அதற்குள் சாம்பல் நிறத்தில், ஆரஞ்சுக் கயிறு கோத்த ஒரு ஜோடி ஸ்னீக்கர். ஆறாம் நம்பர். இடது ஷூவின் கயிறு தளர்ந்து கிடக்கும். வலது ஷூவின் கயிறு மட்டும் இரட்டை முடிச்சாக, இறுக்கிக் கட்டியபடியே இருக்கும். உள்ளே காலே இல்லாத ஷூவுக்கு இவ்வளவு பலமான கட்டு எதற்கு என்று யாராவது கேட்கலாம். ஆனால் நான் அதை யாருக்கும் காட்டுவதில்லை. அது என் அக்காவுடையது.

நான் சென்னையில் ஒரு ஷூ கடையில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். வருகிறவர்களை உட்காரவைத்து, அளவுப் பலகையில் குதிகாலை ஒட்டி வைக்கச் சொல்லி நம்பர் பார்ப்பது என் வேலை. ஷூவை மாட்டிய பிறகு அதன் முனையைக் கட்டைவிரலால் அமுக்கி, விரலுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் பில் போட விட்டதில்லை. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் மற்ற பெண்கள் கம்மல் வாங்குவார்கள். நான் ஸ்னீக்கர் வாங்குவேன். என்னிடம் ஒன்பது ஜோடி இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் அடிப்பாகத்தையும் தேய்க்க உட்கார்ந்தால், அறையில் கூட இருப்பவள், "ஆரம்பிச்சிட்டியா அபிஷேகத்த?" என்பாள். கிண்டல்தான், ஆனால் பொய் இல்லை.

இந்தப் பைத்தியத்துக்கு ஆரம்பம் என் கால்கள்தான். மரக்காணத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் உப்பளத்துக்குப் போனவர்கள். பள்ளி விடுமுறையில் நானும் பாத்தியில் இறங்குவேன். உப்புத் தண்ணீர் ஊறிய கால் காய்ந்தால் வெளுத்து, வரி வரியாக வெடித்துப்போகும். எண்ணெய் தடவினாலும் மறையாது. ஒன்பதாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் என் காலைப் பார்த்துவிட்டுத் தன் காலைத் தள்ளி வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பெஞ்சுக்கு அடியில் காலை மடக்கி வைத்தே பாடம் கேட்டேன். வீட்டிலும் அப்படியே உட்காரப் பழகிவிட்டதை அக்கா பார்த்திருக்க வேண்டும். ஒருநாள் பாண்டிச்சேரி பஸ்ஸில் போய் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கிவந்தாள். "காலை உள்ள இழுத்துக்காத. இத்தப் போட்டுக்கினு நல்லா நீட்டி உக்காரு" என்றாள். ஷூவுக்குள் போய்விட்டால் எந்தக் கால் எந்த ஊர்க் கால் என்று தெரியாது. அந்த நிம்மதியைத்தான் இன்றைக்கும் நான் பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா என்னைவிடப் பதினான்கு வயது பெரியவள். கல்யாணமாகி, சரிப்படாமல், மூன்றாம் வருஷமே திரும்பி வந்துவிட்டாள். அம்மா இறந்த பிறகு எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதும் என்னைப் படிக்கவைத்ததும் அவள்தான். நாற்பது வயதில் அவளுக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரையை ஒழுங்காகத்தான் போட்டாள். ஆனால் கால் மரத்துப்போய்க்கொண்டிருந்ததை அவள் ஒரு நோயாகவே நினைக்கவில்லை. "முன்னல்லாம் உப்பு கீறினா எரியும். இப்போ ஒண்ணும் தெரில, நல்லதாப் போச்சு" என்பாள். ஒரு சித்திரை வெயிலில் ஈ.சி.ஆர். ரோட்டைக் கடக்கும்போது ஒரு கால் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் வீடுவரை நடந்து வந்திருக்கிறாள். தார் சுட்டுப் பாதம் கொப்பளித்திருந்தது. இதையும் சிரித்துக்கொண்டேதான் போனில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழன்று விழாத ஒன்றை அவள் காலில் போட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

சொல்லாமல் வாங்கித்தர ஆசை. ஊருக்குப் போனபோது அக்கா மத்தியானம் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் கிடந்த ரப்பர் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். ஐந்து என்று இருந்தது. செருப்பு ஐந்து என்றால் ஷூ ஆறு, இது எங்கள் கடைக் கணக்கு. அக்காவின் குதிகால் அந்தச் செருப்புக்கு வெளியே தொங்கியபடி இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உப்பளத்துக் கால் அகன்ற கால், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் கால் அங்கேயே, இரண்டடி தள்ளி, பாயில் நீட்டிக் கிடந்தது. ஒரு சாண் வைத்து அளந்திருக்கலாம். எழுந்துவிடுவாளே என்று விட்டுவிட்டேன்.

கடையில் பண்டிகைக் கூட்டம், லீவு கிடைக்கவில்லை. மரக்காணம் வழியாகப் போகும் பஸ்ஸில் டிரைவரிடம் பெட்டியைக் கொடுத்தனுப்பினேன். வலைபோல் நெய்த மேல்துணி உள்ள ஷூ, இழுத்தால் விரிந்து கொடுக்கும். அன்று சாயங்காலமே அக்கா போன் செய்தாள்.

"சரியா இருக்குதாக்கா?"

"அப்படியே கப்புனு புடிச்சிக்கினு இருக்குதுடி. கால்ல என்னமோ போட்டிருக்கோம்னு இப்பத்தான் தெரியுது!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆயிரம் பேரின் ஷூ முனையை அமுக்கிப் பார்த்த என் கட்டைவிரல், இந்த ஒரு ஷூவை அமுக்கிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் வானூரில் உறவினர் கல்யாணம். அக்கா பட்டுச் சேலைக்குக் கீழே ஸ்னீக்கர் போட்டுக்கொண்டு போனாள். "என்னா, ஓட்டப் பந்தயத்துக்கா?" என்று கேட்டவர்களிடம், "ஆமா, நீயும் வா, யாரு முந்துறான்னு பாப்போம்" என்று சொன்னாளாம். கழற்றிவைத்தால் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று பந்தியிலும் கழற்றவில்லை. வீட்டுக்கு வந்து கழற்றியபோது இடது சாக்ஸ் சுண்டுவிரல் பக்கம் நனைந்திருந்தது. வலி இல்லாததால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு மறுநாள் உப்புத் தண்ணீரில் இறங்கிவிட்டாள். எனக்குச் செய்தி வந்தபோது விரல் கறுத்திருந்தது. முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே.

அதுவரை நான் சர்க்கரையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்க்க, அவளோடு உப்பு வாரும் பெரியம்மா ஒருத்தி வந்தாள். வார்டு வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தவள், ஏதோ நினைத்துக்கொண்டு சிரித்தாள். "அந்தச் செருப்பு உங்க அக்காளுதுதாம்மா. ரெண்டு சீசனா மாறிப்போயி என் கால்ல கெடக்குது. அவளுக்குப் பெரிய காலு, நான் நடந்தா சப்பு சப்புனு அடிக்கும். என்னுதுதான் அவகிட்ட இருக்குது."

உப்பில் மண் படக்கூடாது என்பதால் பாத்திக்குள் யாரும் செருப்போடு இறங்குவதில்லை. எல்லாச் செருப்பும் வரப்பில் வரிசையாகக் கிடக்கும். எல்லாம் ஒரே கடையில் வாங்கிய ஒரே நீல வார். வெயில் கண்ணைக் குத்தும் நேரத்தில் கரையேறுகிறவர்கள் காலுக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டு போவார்கள். நானும் அப்படி மாட்டிக்கொண்டு போனவள்தான். எனக்கு இது தெரியாதா? வாசலுக்குப் போய் அந்தச் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். ஏழு. எங்கள் கடைக் கணக்கில் ஷூ எட்டு. நான் அனுப்பியது ஆறு.

திரும்பி உள்ளே போனபோது அக்கா கட்டிலில் உட்கார்ந்து, குனிந்து, மிச்சமிருந்த வலது காலில் அந்த ஸ்னீக்கரைப் போட்டுக் கயிற்றைக் கட்டி முடித்திருந்தாள். வீட்டிலிருந்து வந்த பையில் யாரோ போட்டு அனுப்பியிருக்கிறார்கள். "என் தங்கச்சி வாங்கிக் குடுத்ததுங்க, மெட்ராசுல ஷூ கடையில இருக்குறா" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் காலும் கறுப்பாகத் தெரிந்தது. ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். அக்காவுக்கு வலிக்கவில்லை. "வேணாங்க்கா, போடாத" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அவள் முகத்தில் சிரிப்பு மெல்லப் போனது. "ஒத்தக் காலுக்கு ஷூ எதுக்குன்னு பாக்குறியா? அதுவும் சரிதான். பத்திரமா எடுத்து வை, யாருக்காச்சும் ஆவும்" என்றாள். பிறகு காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால், "போடி பைத்தியம், அதுக்கு நீ என்னா பண்ணுவ" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாள், அவ்வளவுதான். அது தெரிந்தும் எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். இரண்டு மாதத்தில் சிறுநீரகமும் கெட்டு அக்கா போய்விட்டாள். தங்கை தன்னை ஒற்றைக் காலோடு பார்த்துக் கூசினாள் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாள்.

போன மாதம் கடைக்கு ஒருவர் அம்மாவின் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். "இதே சைசுக்கு நல்ல ஷூ ஒண்ணு குடுங்க" என்றார். அம்மாவையே கூட்டிவாருங்கள், கால் பார்க்காமல் தரமாட்டேன் என்றேன். அவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார். மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினார். கத்தட்டும்.

அன்று அறைக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். கயிற்றை அவிழ்க்காமல் ஷூவை இழுத்துக் கழற்றினால் குதிப்பக்கம் மடிந்து கெட்டுப்போகும் என்று தினமும் எல்லோருக்கும் சொல்கிறவள் நான். இந்த வலது ஷூவின் குதிப்பக்கம் மடிந்துதான் இருக்கிறது, நான் இழுத்த இழுப்பில். கயிற்றில் அக்காவின் இரட்டை முடிச்சு. நடுவழியில் கழன்று விழுந்துவிடக் கூடாது என்று அவ்வளவு பலமாகக் கட்டியிருக்கிறாள். ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, "நம்பர் தப்புக்கா" என்று அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.