முத்தாலம்மனும் நான் கட்டிய பொட்டலமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சாமி, பேய், சகுனம் எதிலும் நம்பிக்கை கிடையாது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, சந்தா கட்டி நம்பாதவன் நான். பகுத்தறிவுப் பத்திரிகை இரண்டு தபாலில் வரும். அவற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கடவுள் இருப்பதற்கு ஒரே ஒரு அத்தாட்சி காட்டுங்கள், நாளைக்கே மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று ஊரில் பாதிப் பேரிடம் சவால் விட்டிருக்கிறேன். இன்றைக்கு என் தலையில் முக்கால்வாசி தானாகவே உதிர்ந்துவிட்டது, அதற்கும் அந்தச் சவாலுக்கும் சம்பந்தமில்லை. இப்படிப்பட்டவன் சொல்கிறானே என்று நீங்கள் நம்பினாலும் சரி, இவனும் கடைசியில் கவிழ்ந்தானே என்று சிரித்தாலும் சரி. இன்னொன்று, இது நடந்தது ராத்திரியில் இல்லை. சித்திரை மாத வெயிலில், பகல் பன்னிரண்டு மணிக்கு. இருட்டில் சரியாகத் தெரியவில்லை என்று நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்லித் தப்பிக்க முடியாது.

எழுபதுகளின் நடுவில், அலங்காநல்லூர்ப் பக்கம் என் மனைவியின் ஊரிலேயே குடியிருந்தோம். நான் மதுரையில் ஓர் அலுவலகத்தில் தபால் அனுப்புகிற குமாஸ்தா. கவரை ஒட்டுவது, தபால் கட்டைக் கட்டுவது, நூலை இழுத்து முடிச்சுப் போடுவது. இருபது வருஷ உத்தியோகத்தில் நான் பெற்ற ஒரே புகழ் அந்த முடிச்சுதான். இடப்பக்கமாக இரண்டு சுற்று, அடியில் ஒரு கொக்கி, மேலே ஒரு திருகு. என் பிரிவில் யாராலும் அதை அவிழ்க்க முடியாது, கத்தரிக்கோல்தான் வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

என் மனைவி பெயர் அழகம்மாள். அவளுக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமை உச்சி வேளையில், சமையலை முடித்துவிட்டு அவளைப் பார்க்கப் போய்விடுவாள். கண்மாய்க் கரையில் ஒற்றை அறையில் இருக்கிற முத்தாலம்மன்தான் அந்தச் சிநேகிதி. கும்பிடுவது, விழுந்து எழுவதெல்லாம் அரை நிமிஷம், பிறகு படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரம். ஊர்ப்பட்ட புருஷன்மார் சந்தேகப்பட ஆள் தேடிக்கொண்டிருந்த காலத்தில் நான் ஒரு கல்லின் மேல் பொறாமைப்பட்டேன். வேடிக்கையாகச் சொல்லவில்லை. என்னிடம் அவள் பேசுவது உப்பு, புளி, பால்காரன் வரவில்லை. அங்கே போய்ப் பேசுவது என்ன என்று எனக்குத் தெரியாது. கேட்டால், "சும்மா பேசிக்கிட்டிருந்தேன்" என்பாள், பள்ளிக்கூடப் பெண்கள் சொல்கிற மாதிரி.

ஒருநாள் கேட்டேவிட்டேன். எந்த ஆதாரமும் இல்லாமல் எப்படி நம்புகிறாய் என்று.

"நீங்க சாயங்காலம் வாரேன்னுட்டுப் போறீக. நம்பித்தான நான் உலை வைக்கேன்" என்றாள்.

"நான் தினமும் பஸ்ஸில் வந்து இறங்குகிறேன், நீயும் பார்க்கிறாய். உன் ஆத்தா என்றைக்காவது வந்திருக்கிறாளா?"

"வராமயா இம்புட்டு நேரம் பேசுதேன்?"

நான் பத்திரிகையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல், பாதி நாளில் திரும்பிவிட்டேன். வீடு பூட்டியிருந்தது, சாவி அவளிடம். கோயிலுக்குப் போனேன். அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், நான் வந்தது தெரியாது. "இது இப்ப நெல்லிக்கா அளவுக்கு ஆயிருச்சு ஆத்தா. சோத்த முழுங்கயில தட்டுப்படுது. அவருகிட்ட இன்னும் சொல்லல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முந்தானையைக் கழுத்திலிருந்து விலக்கி, அந்தக் கல்லுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

கழுத்தில் கட்டி. மூன்று மாதமாக இருந்திருக்கிறது. ஒரே வீட்டில், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான். பத்திரிகைக்கு மேலே ஒருதரம் தலையைத் தூக்கியிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். தெரியவில்லை. ஆனால் அந்தக் கல்லுக்குத் தெரியும். அப்போது எனக்கு முதலில் வந்தது பயம் என்றுதான் சொல்ல ஆசை. உண்மையைச் சொல்வதென்றால் முதலில் வந்தது கோபம், அதுவும் அழகம்மாள் மேல் இல்லை. பயம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது, வந்தது போகவில்லை.

மதுரைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, அறுத்து எடுத்துவிடலாம், தள்ளிப்போட்டால் மூச்சுக்குழாயை அழுத்தும், உயிருக்கே ஆபத்து, அறுத்தால் குரல் கொஞ்சம் பாதிக்கலாம், எதற்கும் சீக்கிரம் வாருங்கள் என்றார். அழகம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆத்தாவிடம் பூக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

பூக் கேட்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், உள்ளே எது என்று தெரியாமல் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. ஒரு பெண்ணின் உயிர் இரண்டு காகிதப் பொட்டலத்தில் தொங்குகிறது. நான் கத்தினேன், விஞ்ஞானம் பேசினேன், கெஞ்சவும் செய்தேன். சிவப்பு வந்தால் ஆஸ்பத்திரி கிடையாது என்பதில் அவள் ஒரு இஞ்ச் நகரவில்லை.

பூசாரி அவளுக்கு மாமன் முறை. கண்ணில் புரை. "எனக்கு வெள்ளையும் தெரியல, கருப்பும் தெரியல. நீங்களே கட்டிக் கொண்டாங்க மாப்ள" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் என் மூளை, நாற்பது வருஷமாகத் தீட்டி வைத்திருந்த மூளை, வேலை செய்ய ஆரம்பித்தது. இரண்டிலும் வெள்ளையைக் கட்டிவிட்டால்?

செவ்வாய்க்கிழமை. கோயிலுக்குப் பின்னால் வெள்ளை அரளிச் செடி, அதில் இரண்டு பூ பறித்தேன். சிவப்பு அரளி அந்தப் பக்கம் கிணற்றடியில். அங்கேயும் போனேன், ஒரே ஒரு பூ. முன்னால் இருப்பவர்கள் பார்த்தால் நான் இரண்டு நிறமும் பறித்த மாதிரி இருக்க வேண்டுமே. நிழலில் உட்கார்ந்து, இந்தக் காகிதத்தில் ஒரு வெள்ளை, அந்தக் காகிதத்தில் ஒரு வெள்ளை, கண்ணால் பார்த்து வைத்து மடித்தேன். சிவப்பைச் சட்டைப் பையில் போட்டேன். நூல் சுற்றி, என் முடிச்சைப் போட்டேன். இரண்டு பொட்டலமும் என் கையை விட்டு இறங்கவில்லை, நேராகக் கொண்டுபோய்ப் பூசாரியின் தாம்பாளத்தில் வைத்தேன். வைக்கும்போது அந்த அம்மனை முதல்முதலாக நேருக்கு நேர் பார்த்தேன். வெள்ளிக் கண்மலர். உன்னை வைத்தே உன்னை ஜெயிக்கிறேன் பார் என்று மனசுக்குள் சொன்னேன். இல்லாத ஒருத்தியிடம் எதற்குச் சவால் என்று அப்போது தோன்றவில்லை.

உச்சி வெயிலில் வேறு யாரும் இல்லை, நாங்கள் மூன்று பேர்தான். பூசாரி தாம்பாளத்தைக் குலுக்கிப் படியில் கொட்டினார். அழகம்மாள் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பூசாரி அதை வாங்கி நகத்தால் நோண்டினார், முடியவில்லை. "என்ன முடிச்சு மாப்ள இது, நீங்களே அவுங்க" என்று என்னிடம் நீட்டினார். வாங்கினேன். என் முடிச்சுதான். திருகை இளக்கி, கொக்கியை எடுத்து, இரண்டு சுற்றையும் விட்டு, காகிதத்தைப் பிரித்தேன்.

சிவப்பு அரளி.

குனிந்து பார்த்த பூசாரி, "எனக்கே தெரியுது, செவப்பு. ஆத்தா வேணாங்குறா" என்றார்.

நான் முதலில் செய்தது சட்டைப் பைக்குள் விரலை விட்டதுதான். நான் போட்ட சிவப்புப் பூ அங்கேயே இருந்தது, நசுங்கி, ஈரமாக. அப்படியானால் கையில் இருந்தது எது? கண்ணை மூடித் திறந்தேன். அப்போதும் சிவப்பு. அந்த வெயிலில் எனக்கு முழங்கை வரை குளிர்ந்தது, நம்பினால் நம்புங்கள். படியில் கிடந்த இன்னொரு பொட்டலத்தை யாரும் பிரிப்பதற்கு முன்னால் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். திருடனுக்கு அந்தச் சமயத்திலும் திருட்டுதான் ஞாபகம்.

என் நிலையை யோசித்துப் பாருங்கள். இது பொய், இது வர வாய்ப்பே இல்லை, நான் வைத்தது இரண்டும் வெள்ளை என்று கத்த வேண்டும். கத்தினால் ஏமாற்றியது தெரிந்துவிடும். அதைவிட மோசம், வைக்காத சிவப்பு எப்படி வந்தது என்று அவள் கேட்பாள், அந்த ஊரிலேயே பெரிய அற்புதத்துக்கு நாத்திகன் நானே சாட்சி சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாள். செத்துப்போவாள். மானம் போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"செத்த இருங்க" என்று அழகம்மாள் கையைக் காட்டினாள். அம்மன் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

கால் மணி நேரம் பேசினாள். சத்தம் இல்லை, உதடு மட்டும். நடுவில் ஒருதரம் தலையை ஆட்டி மறுத்தாள், ஒருதரம் லேசாகச் சிரித்தாள்கூட. நான் வெளியே வெயிலில், செருப்பில்லாமல், மாறி மாறிக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பிறகு எழுந்து வந்தாள்.

"ஆசுபத்திரிக்குப் போவம்."

"உன் ஆத்தா வேண்டாம் என்கிறாளே" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம்.

"அவளுக்கு என்ன, அவ பயப்பட மாட்டா. உங்களுக்குத்தான் பயமா இருக்கு. சொல்லிட்டேன், சரின்னுட்டா."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் என் வாதத்துக்காகக் கிடைக்கவில்லை, அவர்கள் இரண்டு பேரும் கலந்து பேசி, பாவம் போ என்று எனக்குக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியில், சட்டைப் பையில் நசுங்கிக் கிடந்த சிவப்புப் பூவை வாய்க்காலில் வீசினேன். சட்டையில் பட்ட கறையை நானே சோப்புப் போட்டுத் துவைத்தேன்.

கட்டியை எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. குரல் மட்டும் போய்விட்டது. இரண்டு மாதம் சுத்தமாகப் பேச்சே இல்லை, சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். உப்பு, புளி, பால்காரன் வரவில்லை எல்லாம் அதில் எழுதுவாள். செவ்வாய்க்கிழமை சிலேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போவாள். நானும் அரை நாள் லீவு போட்டு, துணைக்கு என்று சொல்லிக்கொண்டு போவேன். படியில் உட்கார்ந்து அதே ஒரு மணி நேரம். என்னோடு பேசத்தான் அவளுக்குக் குரல் வேண்டியிருந்தது, அங்கே வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்று, சிலேட்டைப் படிக்கத் தெரிந்த ஒரே காரணத்துக்காக என்னைப் புருஷன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு குரல் திரும்பியது, பாதி. காற்றும் சத்தமும் கலந்த மாதிரி, இன்றைக்கும் அப்படித்தான்.

அந்த இரண்டாவது பொட்டலம்? நான் பிரிக்கவில்லை. அத்தாட்சி காட்டு, அத்தாட்சி காட்டு என்று ஊரையே கேட்டவன், அத்தாட்சியை ஒரு தகர டப்பாவில் போட்டுப் பத்திரிகைக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். உள்ளே வெள்ளை இருந்தால், அந்தச் சிவப்பு எங்கிருந்தோ வந்தது. சிவப்பு இருந்தால், என் கண்ணையும் கையையும் நான் இனி நம்ப முடியாது. பல தடவை எடுத்து, திருகின் மேல் விரலை வைத்து, திரும்ப உள்ளே வைத்திருக்கிறேன். அவளுக்கு அத்தாட்சி இல்லை, நம்பிக்கை இருந்தது. எனக்கு அத்தாட்சி கிடைத்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் போயிற்று. போன மாதம் அலமாரியில் கரையான் ஏறிவிட்டதென்று அழகம்மாள் எல்லாவற்றையும் இறக்கித் தட்டிக்கொண்டிருந்தாள். டப்பா அவள் கையில். பழுத்த காகிதம், அதன் மேல் என் முடிச்சு.

"இத இன்னும் பிரிக்கலையா நீங்க?"

டப்பாவை வாங்கக் கையை நீட்டினேன்.

"பிரிக்க வேணாம். ரெண்டுலயும் வெள்ளையத்தான வச்சீக" என்றாள், அந்தப் பாதிக் குரலில்.

ஒரு மனிதரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. பூசாரியும் போய்ச் சேர்ந்துவிட்டார். உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"அன்னைக்கே சொல்லிட்டா."

"பிறகு ஏன் என்னிடம் கேட்கவில்லை?"

"கேக்கத்தான் நெனச்சேன். அவருக்குச் சங்கடமா இருக்கும், விடுன்னுட்டா."

டப்பாவை மூடி, தூசியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இத்தனை வருஷமும் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் என்னைப் பற்றி அங்கே என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்தால் எனக்கு இப்போதும் முழங்கை வரை குளிர்கிறது. நேற்று நான் மட்டும் தனியாகப் போனேன். அழகம்மாள் உட்காருகிற படியில், அவள் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்து, ஒரு மணி நேரம் இருந்தேன். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன், வாய்விட்டே சொன்னேன்.

ஆத்தா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வந்தபோது அழகம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எங்கே போனேன் என்று கேட்கவில்லை. "அம்புட்டையும் சொல்லிட்டீகளா?" என்று மட்டும் கேட்டாள்.