காகிதப்பூவைச் சுரண்டிய ஞாயிறு

சுனாமிக்கு அடுத்த வருடம், முப்பத்தெட்டு வயதில், நான் எண்ணெய் வண்ணத்தில் படம் போடக் கற்றுக்கொண்டேன். அப்போது ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. நாள் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் விலா எலும்புகளைப் பார்த்துப் பார்த்து, நிறத்தின் மேல் ஒரு பசியே வந்திருந்தது. ரொட்டிக் கடைச் சுவரில் 'பெயின்டிங் வகுப்பு' என்று ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். அந்த ஞாயிறே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

சொல்லிக்கொடுத்தவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். பிரான்சில் படித்துவிட்டு, ஒரு வருடம் அப்பாவோடு இருக்கலாம் என்று வந்திருந்தாள். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய டவுனில் அவர்கள் வீட்டுப் பின்பக்கத் தோட்டம்தான் வகுப்பு. சேர்ந்த மற்ற மூன்று பேரும் இரண்டே வாரத்தில் நின்றுவிட்டார்கள். நான் மட்டும் சாரம் பகுதியிலிருந்த என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன்.

ஒரு மாமரம், கிணற்றடி வாழை, பின்சுவர் முழுக்க ரத்தச் சிவப்பில் காகிதப்பூ. அதுதான் நான் வரைய வேண்டிய காட்சி. ட்யூபிலிருந்து பச்சையைப் பிதுக்கி அப்படியே மாமரத்துக்கு அப்பினேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "அக்கா, இது இலை இல்ல. பஸ் ஸ்டாண்டு பெஞ்சு."

"பின்ன எப்படி?"

"பச்சையில துளி சிவப்பு வைங்க."

"சிவப்பா? கெட்டுப்போயிடாதா?"

"வச்சித்தான் பாருங்களேன்."

வைத்தேன். பச்சை அடங்கி, மாமரத்தின் உள்பக்கத்து இருட்டு நிறம் வண்ணம் குழைக்கும் தட்டில் வந்து நின்றது. சின்னப் பிள்ளை மாதிரி கத்திவிட்டேன். அதன்பிறகு எனக்குப் பயம் இல்லை. நிழல் போடுவது எனக்குத் தானாகவே வந்தது. எங்கே அடர்த்தி, எங்கே மெலிவு என்று பார்ப்பதுதானே என் பிழைப்பு.

நம்மூர் ஈரக்காற்றில் வண்ணம் காய ஒரு வாரம் பிடிக்கும். ஒட்டிக்கொண்ட எறும்புகளை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு ஞாயிறும் ஆரம்பிப்பேன். நான்கு வாரத்தில் காகிதப்பூ பிரமாதமாக வந்திருந்தது.

ஐந்தாவது ஞாயிறு போய் நின்றால், சுவரில் பூவே இல்லை. செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, அவளுடைய அப்பா கிளைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, என்ன ஐயா இப்படிப் பண்ணிட்டீங்க!"

"மழைக்கு முன்ன வெட்டலன்னா செவுத்தயே சாச்சிடும்மா. மூணு மாசத்துல மறுபடி பூத்துடும்."

"என் படம் மூணு மாசம் நிக்காதே."

அவர் மகளிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். "அப்பா பார்தோன், மன்னிப்பு கேக்கறாரு. ஆனா திரும்பவும் இதான் செஞ்சிருப்பாராம்."

கோபம் தணிய நேரமானது. முக்காலியில் உட்கார்ந்து அந்த மொட்டைச் சுவரையே பார்த்தேன். இத்தனை நாள் பூ மறைத்திருந்த காரை உதிர்ந்த மஞ்சள், மழைநீர் வழிந்த கறை, குறுக்கே ஒரு நீள வெடிப்பு. அதன்மேல் வாழை இலையின் நிழல் நீலமாக ஆடிக்கொண்டிருந்தது. பூவைவிட இது எனக்குப் பிடித்திருந்தது. வண்ணம் சுரண்டும் தட்டைக் கத்தியை எடுத்தேன்.

"நோன், நோன்! வேணாம் அக்கா, பூ நல்லா வந்திருக்கு, வுடுங்க!" என்று ஓடி வந்தாள்.

"இன்னிக்கு இருக்கிறத போடறேன்" என்று சொல்லி, நான்கு வாரத்துச் சிவப்பைச் சுரண்டி எடுத்தேன். முழுதாகப் போகாமல் தங்கிய சிவப்பின்மேல் மஞ்சளைப் பூசியபோது, வெயில் குடித்த பழஞ்சுவர் அப்படியே வந்துவிட்டது. அதன் முன்னால் வாழையையும் புதுப் பச்சையில் போட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நான் எழுந்திருக்கவில்லை.

அவள் வெகுநேரம் பின்னால் நின்று பார்த்தாள். "நான் சொன்னத கேட்டிருந்தா கெட்டுப்போயிருக்கும்" என்றாள். ஒரு ஆசிரியை அப்படிச் சொல்வதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அப்பாவும் வந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "நம்ம செவுத்துல இம்மாம் பெரிய வெடிப்பா?" என்று படத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கப் போய்விட்டார்.

காயும்வரை விட்டுவைக்கப் பொறுமையில்லாமல், மாலையிலேயே என் கணவரை வரச்சொல்லி, ஈரப் படத்தை அவர் பின்சீட்டில் இரு கையாலும் பிடித்துக்கொள்ள, நான் ஸ்கூட்டரை ஓட்டினேன். வீடு வந்து பார்த்தால் அவருடைய வெள்ளைச் சட்டையில் வாழைமரம் பாதி ஏறியிருந்தது. சட்டையோடு போன பச்சையை மறுநாளே படத்தில் மறுபடி போட்டுவிட்டேன், பார்த்துப் போட வாழைமரம்கூட எதிரில் தேவைப்படவில்லை.