கட்டவிழ்க்காத ஆட்டுக்குச் சீல் கிடையாது

அறுபதுகளில் தென்காசி ஆட்டுத்தொட்டியில் நான் சுகாதார இன்ஸ்பெக்டர். அறுத்த ஆட்டில் என் ஊதா சீல் விழாமல் ஒரு தொடை வெளியே போகாது. அதில் எனக்குக் கொஞ்சம் கொழுப்பும் உண்டு. ஈரலைப் புரட்டுவேன், நுரையீரலை அமுக்குவேன், சீல் குத்துவேன். அந்த ஆடு உயிரோடு எப்படி வந்து சேர்ந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

கடையநல்லூர்க் கறிக்கடைக்காரர் ஒருவர் வருவார். கத்தியைச் சாக்குக்குள் மறைத்துத்தான் கொண்டுவருவார். ஓர் ஆட்டின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்க மாட்டார். எங்க மார்க்கத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கு என்பார். மற்றக் கறிக்கடைக்காரர்களுக்கும் அது தெரியும், அவசரத்தில் விட்டுவிடுவார்கள். இவர் விடமாட்டார்.

அந்த ஆனியில் குற்றாலத்து ஓட்டல் ஒன்று சீசன் முழுக்கக் கறி போடும் ஆர்டரை அவருக்குக் கொடுத்திருந்தது. அதை நம்பித்தான் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தார். முதல் நாளே லாரி தாமதம். கடையத்திலிருந்து அதில் வந்த ஆடுகள் கால் கட்டி, ஒன்றின் மேல் ஒன்றாய்க் கிடந்து மூச்சு வாங்கின. மனுஷன் கட்டுகளை அவிழ்த்துவிட்டு, தகர வாளியில் தண்ணீர் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னவே, தாலாட்டு பாடுதீரோ? ஓட்டல் மேனேஜர் வந்து நிக்காரு" என்றேன்.

"படபடப்பு அடங்கட்டும் சார். மெரண்டு கெடக்கத அறுத்தா ரத்தம் சரியா வடியாது. பாவமும்கூட."

எனக்குச் சுள்ளென்று வந்தது. பிழைக்கத் தெரியாத ஆள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். மேனேஜர் அரைமணி பொறுத்தார். பிறகு இன்னொரு வியாபாரியிடம் போனார். அதே லாரியில் வந்த ஆடுகள்தான். அந்த வியாபாரி கட்டைக்கூட அவிழ்க்காமல் இழுத்து அறுத்தார். நோய் இல்லை, சட்டப்படி குறை இல்லை. நானே சீல் குத்தினேன். சீசன் ஆர்டரும் அந்தக் கறியோடு போயிற்று.

அதற்கப்புறம்தான் இவருடைய கறி வந்தது. நல்ல சிவப்பு. முன்னால் போனது ரத்தம் கட்டிக் கறுத்திருந்ததும் என் கண்ணில் பட்டதுதான். இரண்டுக்கும் ஒரே சீல். அங்கே தரம் பார்த்தது அவர். நான் மை தடவினேன், அவ்வளவுதான்.

மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்: கட்டவிழ்த்து, தண்ணீர் காட்டி, உயிரோடு என்னிடம் காட்டாத ஆட்டுக்குச் சீல் கிடையாது. வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். ஆர்டரைத் தட்டிக்கொண்டு போனவர், "தண்ணி வைக்க ஒரு ஏனமும் கொண்டாரல சார், இன்னைக்கு மட்டும் விடுங்க" என்றார். நான் சீலை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

ஆர்டரைப் பறிகொடுத்தவர் எழுந்தார். தன் தகர வாளியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த ஆடுகளின் முன்னால் வைத்துவிட்டு, கட்டை அவிழ்க்கக் குனிந்தார்.