பெயர் மேல் ஒட்டிய சீட்டு

நேற்று கள்ளக்குறிச்சியில் மகளுக்கு ஒரு புத்தகம் வாங்கி, அதன் விலைச் சீட்டை நகத்தால் கிளப்பினேன். அட்டையின் வண்ணமும் சேர்ந்து உரிந்தது. அதற்கு மேல் உரிக்கக் கை வரவில்லை.

அப்பாவின் புத்தகக் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. பழைய பாடப் புத்தகங்களை வாங்கி, முதல் பக்கத்தில் இருக்கும் பெயரின் மேல் வெள்ளைச் சீட்டு ஒட்டி விற்போம். மைதாப் பசை தடவி ஒட்டுவது பத்து வயதில் எனக்கு விளையாட்டு. எந்தப் பெயரையும் நான் படித்துப் பார்த்ததில்லை.

எண்பத்தேழில், இட ஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்த வாரம், மறியலுக்குப் போன எங்கள் ஊர் ஏழுமலை போலீஸ் குண்டடி பட்டுச் செத்துப்போனான். பிளஸ் டூ மாணவன். காரியம் முடிந்ததும் அவன் சித்தப்பா புத்தகங்களை எங்களிடம் விற்றுவிட்டுப் போனார். எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டினேன்.

அடுத்த வாரம் அவன் அம்மா வந்தாள். "எம் புள்ள பேரு எழுதன புக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்க. வூட்ல அவன் கையெழுத்து எதுலயும் இல்லீங்க."

விற்காமல் மிஞ்சியது வேதியியல் புத்தகம் மட்டும். அப்பா ஈரத்துணி வைத்து ஊறவிட்டு, சீட்டை மெல்ல உரித்தார். பேனா மை பசையில் கரைந்து வெறும் நீலத் திட்டாகியிருந்தது.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. "இதுல எங்கங்க இருக்குது அவன் பேரு?" என்றாள்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. நீலத் திட்டின் மேல் விரலை வைத்து, இடமிருந்து வலமாக நகர்த்தியபடி படித்தார்: "ஏ... ழு... மலை."

அவளும் அதே இடத்தில் தன் விரலை வைத்து, மெதுவாக நகர்த்திப் பார்த்தாள்.