கஞ்சா விவாதமும் மண்ணில் கொட்டிய மீனும்

போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்திருந்தன. நான் புத்தளத்தில் பிரதேச நிருபர். ஒரு காலை கொழும்பிலிருந்து செய்தி ஆசிரியர் அழைத்தார். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்று தலைநகரில் விவாதம் சூடுபிடித்திருந்தது. ஞாயிறு பதிப்புக்கு அரைப் பக்கம் வேண்டும். இடப்பக்கம் ஆதரவு, வலப்பக்கம் எதிர்ப்பு.

"ஆளுக்கு நாலு வரி. பின்னேரத்துக்குள்ள அனுப்புங்க."

ஆதரவு வண்ணாத்திவில்லுவில் கிடைத்தது. மருந்து ஏற்றுமதிக்கு அனுமதி தந்தால் தானும் பயிரிடத் தயார் என்றார் கச்சான் என்னும் நிலக்கடலை பயிரிடும் ஒரு விவசாயி. "யானை தின்னாத பயிரெண்டாச் சொல்லுங்க, நாளைக்கே நடுறன்."

எதிர்ப்பு கற்பிட்டியில், பள்ளிவாசல் நிர்வாகி ஒருவரிடம். "மருந்துக்கெண்டு வாறது மருந்துக் கடையோட நிக்குமா? எங்கட பொடியனுகள்ற கைக்கு வர எவ்வளவு நேரம் செல்லும்?"

பக்கம் நிறைந்துவிட்டது. படம் ஒன்று எடுப்பதற்காகக் கண்டக்குழிக் கரைக்குப் போனேன்.

சித்தி ராத்தாவின் படகு அப்போதுதான் கரை தொட்டிருந்தது. சித்தி என்பது பெயர்; அக்கா என்ற பொருளில் ராத்தா என்று கரையே அவரை அழைக்கும். கணவர் மௌத்தாகி, அவர் இல்லாமல் போன பின் படகை நடத்துபவர் அவர்தான். கடலால் வரும் கஞ்சாப் பொதிகளை மீன் பெட்டிகளில் ஐஸுக்கு அடியில் ஒளிப்பதுண்டு. அதனால் கடற்படைச் சோதனைக்காரர்கள் எல்லாப் படகுகளின் பெட்டிகளையும் கவிழ்த்தே பார்ப்பார்கள். அன்றும் கவிழ்த்தார்கள். அறுக்குளா, பாரை மீன்கள் சுடுமணலில் விழுந்தன. பொதி எதுவும் இல்லை. மீன் வாங்க வந்த சிலாபத்து முதலாளி செவுளை விரித்து மணலைக் காட்டினார்.

"இத நான் கருவாட்டுக்கெண்டு அரை விலைக்குத்தான் எடுக்கேலும், ராத்தா."

"ஒங்கட மூஞ்சியையும் சேத்துக் காயப்போடுங்க!"

கஞ்சாச் சட்டம் பற்றி அவரிடம் கேட்டேன்.

"சட்டமாக்கி, களவாக் கொண்டுவாறது கொறஞ்சா நல்லம். என்ட மகன் வாங்கிக் குடிக்கிற மாதிரி வந்தா வேணாம். ரெண்டையும் எழுதுங்க, தம்பி. அதுக்கு முந்தி இத எழுதுங்க. தேடுறவங்க தேடட்டும், மீன மண்ணுல கொட்டாமத் தேடட்டும். இன்னும் ரெண்டு தரம் இப்பிடிப் போனா நான் படக விக்கிறதுதான்."

எழுதி அனுப்பினேன். ஆசிரியர் அழைத்தார்.

"இந்த மனுசி ஆதரவா, எதிர்ப்பா?"

"ரெண்டுமில்ல, சேர்."

"அப்ப எங்க போடுறது?"

"நடுவில."

"நடுவில கோடுதானே இருக்கு."

"கோட்டை எடுங்க, சேர்."

ஆசிரியர் சிரித்தார். ஞாயிறன்று இரண்டு கருத்துகளும் ஒதுங்கி நிற்க, நடுவே பெட்டிச் செய்தியாக வந்தது சித்தி ராத்தாவின் பேச்சு: 'தேடுங்கள், மீனை மண்ணில் கொட்டாதீர்கள்.'

மீனவர் சங்கத்தார் பத்திரிகையோடு சோதனைப் பொறுப்பதிகாரியிடம் போய், கரையில் ஒரு பந்தலும் மீனை இறக்கப் படங்கு என்னும் தார்ப்பாயும் கேட்டார்கள். அவர் செய்தியை மொழிபெயர்த்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "நிழலும் படங்கும் இருந்தால் என் ஆட்களுக்கும் சுகம்தான்" என்று சிங்களத்தில் சொன்னார். அந்த வாரமே கரையில் ஓலைப் பந்தல் எழுந்தது. படங்கை விரித்து, மீனை அதில் இறக்கி, பார்த்து முடிந்ததும் ஐஸோடு பெட்டிக்குள் திருப்பி வைத்தார்கள்.

அன்று முதலாளி செவுளை விரித்தார். மணல் இல்லை. அடுத்த மீனையும் விரித்தார்.

"என்ன தேடுறீங்க? கஞ்சாவா?" என்றார் ராத்தா. கரையே சிரித்தது. முதலாளி முழு விலை கொடுத்து எல்லாப் பெட்டிகளையும் லொறியில் ஏற்றச் சொன்னார். சித்தி ராத்தா படகை விற்கவில்லை. அடுத்த பருவத்தில் இன்னொன்று வாங்கினார்.

கஞ்சா விவாதம் இன்னும் முடியவில்லை. புதிதாக நிருபர் வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆதரவும் எதிர்ப்பும் கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததென்று திரும்பாதீர்கள். அந்தச் சண்டைக்கு நடுவில் யாருடைய பிழைப்பு கெடுகிறது என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் செய்தி அங்கேதான் இருக்கும்.