கிரேஸ் டீச்சர் வைத்த சிவப்புப் புள்ளி

கிரேஸ் டீச்சர் இறந்துவிட்டார். காலையில் பள்ளித் தோழி விமலா போன் செய்தாள். நாளை மேற்குத் தாம்பரத்தில் அடக்க ஆராதனையாம்.

அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது... அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

எழுபதுகளின் ஆரம்பம். ஒன்பதாம் வகுப்புக்கு அவர்தான் கிளாஸ் டீச்சர்.

முதல் நாள் அட்டென்டன்ஸ் எடுத்து முடித்ததும், "அம்மா வேலைக்குப் போறவங்க எழுந்து நில்லுங்க" என்றார். நானும் விமலாவும் மட்டும் நின்றோம். ரிஜிஸ்டரில் எங்கள் பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒவ்வொரு புள்ளி.

நான் வகுப்பில் வாயே திறக்கமாட்டேன். பிறவிக் கூச்சம். விமலா வாயை மூடவே மாட்டாள். இரண்டுக்கும் டீச்சர் சொன்ன காரணம் ஒன்றுதான்... வீட்டில் அம்மா இல்லை.

அம்மா கிண்டியில் ஒரு ரேடியோ கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலை பார்த்தாள். சாயங்காலம் எலெக்ட்ரிக் ட்ரெயினிலிருந்து கம்பெனிப் பெண்களோடு இறங்கும்போது அப்படிச் சிரிப்பாள். வீட்டில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

டீச்சர் ஒருநாள் அம்மாவை வரச்சொன்னார். அரை நாள் லீவு போட்டு வந்தாள்.

"உங்க பொண்ணு யார்கிட்டயும் பேசமாட்டேங்குதும்மா. ஸ்கூல் விட்டுப் போனா பூட்டின வீடு. ஏங்கிப் போயிருக்கு. வயசும் அப்படி."

"உங்க பசங்கள யாரு டீச்சர் பாத்துக்கிறாங்க?" அம்மா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நான் வேலைக்கு ஆள் வெச்சிருக்கேனே."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இன்னாடி, டீச்சர் சொல்றது நெசமா? தனியா இருக்க ஒனக்கு பயமாக்கீதா?"

நான் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இல்லை என்று தலையைக்கூட ஆட்டவில்லை.

அடுத்த மாதம் அம்மா வேலையை விட்டாள்.

டீச்சர் பிளேடால் என் புள்ளியைச் சுரண்டி எடுத்தார். "இப்ப சந்தோஷமா?" என்று தன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு துண்டு கேக் கொடுத்தார். அன்பாகத்தான். நானும் வாங்கித் தின்றேன்... அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

பிறகும் நான் அப்படியேதான் இருந்தேன். எங்கள் வீட்டின் முதல் டிகிரியை வாங்க மேடை ஏறிய அன்றும், "தேங்க்ஸ்" என்று சொல்லக் குரல் எழும்பவில்லை.

வேலையை விட்ட பிறகும், ஐந்தரை மணி ட்ரெயின் சத்தம் கேட்டால் அம்மா வாசலுக்கு வந்து நிற்பாள். சும்மாதான். வண்டி போனதும் உள்ளே வந்துவிடுவாள்.

டீச்சர், பள்ளி விட்டு அம்மா வரும்வரை எனக்குக் கிடைத்த அந்த ஒன்றரை மணி நேரம்... எனக்குப் பயமாக இல்லை. ஜன்னலோரம் லைப்ரரி புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். பேசு பேசு என்று யாரும் சொல்லமாட்டார்கள். நாள் முழுக்க அதற்காகத்தான் காத்திருப்பேன்.

இதை அம்மாவிடமும் கடைசிவரை சொல்லவில்லை.

நாளை விமலாவும் நானும் வருகிறோம். பின்வரிசையில் நிற்போம்.

போய் வாருங்கள், டீச்சர்.