அம்மாவுக்குக் காது கேட்காமல் போன வீடு

நேற்று பரணிலிருந்து பாய்களை இறக்கினோம். பிள்ளைகள் எல்லாரும் தலையெடுத்து ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். எங்கள் இரண்டு பேருக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று சின்னதாக ஒன்று பார்த்திருக்கிறோம். என் இடுப்பை நம்பி யாரும் சாமான் தூக்கச் சொல்வதில்லை. ஓரமாக உட்கார்ந்து தும்முகிற வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். பழைய கோரைப்பாய்க்கு ஒரு வாசனை உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். தூசியும் வந்துபோன விருந்தாளிகளின் வேர்வையும் கலந்தது. அது மூக்கில் ஏறியதும் என் மாமுமார் இருவரும் நினைவுக்கு வந்தார்கள், கூடவே கோபமும் வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்த சமயம். ரயில் ஏற வேண்டுமென்றால் சாத்தூர் போக வேண்டும். எங்கள் பக்கமெல்லாம் மாட்டு வண்டிதான். நாங்கள் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட் இருந்தது பாருங்கள், அதுதான் எங்கள் வீட்டைப் பிடித்த பீடை. சொந்தத்தில் யாருக்கு வாய்தா என்றாலும் முதல் நாளே வந்து எங்கள் வாசலில் வண்டியை அவிழ்ப்பார்கள். அதில் தவறாமல் வந்தவர்கள் அம்மாவின் அண்ணனும் தம்பியும். பெரிய மாமுவுக்கு மகாராஜபுரத்தில் விவசாயம், சின்ன மாமுவுக்கு இராஜபாளையத்தில் ஜவுளிக்கடை. மகாராஜபுரத்து வரப்பில் நின்ற ஒரு புளியமரம் யாருக்கு என்று இருவருக்கும் வழக்கு. ஒருவர் வாதி, ஒருவர் பிரதிவாதி, இரண்டு பேருக்கும் சோறு எங்கள் வீட்டில். நீங்கள் சிரிக்கலாம். பொங்கிப்போட்ட அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது நாங்கள் இருந்த பெரிய வீட்டில் அது எப்படியோ ஓடியது. தெருப்பக்க அறையில் பெரிய மாமு, கொல்லைப்பக்க அறையில் சின்ன மாமு. முகம் பாராமல் சாப்பிட்டு, முகம் பாராமல் கோர்ட்டுக்குப் போவார்கள். அடுப்படி எல்லாருக்கும் எட்டாமல் உள்ளே தள்ளி இருந்தது. நான் அப்போது இராஜபாளையத்தில் ஒரு பஞ்சுக்கடையில் வேலைக்குச் சேர்ந்த புதுசு. வெள்ளிக்கிழமை கடைக்கு விடுமுறை. வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில்தான் உட்காருவேன். முதலாளி மாதிரி பேசிக் காட்டுவேன், அம்மா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். அண்ணன் தம்பி இருவரையும் ஆசை தீர வைவாள். ஒன்றும் வெளியே கேட்காது.

அக்காமார் கல்யாணமாகிப் போனார்கள். என் அண்ணன் ரங்கூனுக்குப் போய்விட்டான். சின்ன வீட்டுக்கு மாறலாம் என்று ஆரம்பித்தது அம்மாதான். என்னைப் பெற்ற அத்தாவிடம், "இம்புட்டு வீட்டையும் கூட்டிப் பெருக்க எனக்கு ஏலலைங்க" என்றாள். என்னிடம் சொன்ன காரணம் வேறு.

"படுக்க எடமில்லன்னா எப்பிடி வருவாக? பொறவாச்சும் செத்த நேரம் காலை நீட்டிப் படுக்கணும்லே."

பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்து. ஓர் அறை, ஓர் அடுப்படி, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். பக்கத்து வீட்டு மைமூன் உப்பு எங்கே என்று தேடினால் நாங்கள் எடுத்துக் கொடுத்துவிடலாம், அவ்வளவு நெருக்கம். அடுத்த வாய்தாவுக்கு மாமுமார் இரண்டு பேரும் வந்து நின்றார்கள்.

"ஏட்டி பாத்திமா, தங்கச்சி வீடு இருக்கைல சத்திரத்துலயா போயிப் படுப்பேன்?" என்றார் பெரியவர்.

"அவரு இருந்தா இருந்துட்டுப் போறாரு. எனக்கு அக்கா வீடு" என்றார் சின்னவர்.

அறையின் நடுவே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டார்கள். அத்தாவும் அம்மாவும் அடுப்படியில் முடங்கினார்கள். ஒருநாள் காலையில் சின்ன மாமு போர்வைக்கு இந்தப் பக்கமிருந்து அம்மாவிடம் சொன்னார்: "மரம் அவரு வச்சதுதான்க்கா. அதுக்காக விட்டுக்குடுத்துருவனா?"

அந்தப் பக்கம் பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். நேரே வக்கீலிடம் போனார். பிரதிவாதி தன் வாயாலேயே ஒத்துக்கொண்டான், கேட்டவள் அவன் கூடப்பிறந்த அக்கா. இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? அம்மாவுக்குச் சம்மன் வந்தது.

"உள்ளதச் சொல்லு, போதும்" என்றார் அண்ணன். "சொன்னீன்னா நான் ஒனக்குத் தம்பி இல்ல" என்றார் தம்பி. அம்மா அன்று பூராவும் சாப்பிடவில்லை. மறுநாள் அத்தா கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய மாமு பக்கத்தில் வந்து நின்று கத்தினார்.

"என்னண்ணே, சாப்பிடுதியளா?" என்று கேட்டாள்.

காது கேட்காத சாட்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வக்கீல் விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை வந்த எனக்குத் தெருமுனையிலேயே செய்தி கிடைத்துவிட்டது. ஓடிப்போய் அம்மா எதிரில் கையையும் வாயையும் ஆட்டிக்கொண்டு நின்றேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மைமூன் இடியாப்பம் விற்கிறவள், பொழுது சாயும்போது மாவு இடிப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் உலக்கை விழ ஆரம்பித்ததும் அம்மா என் காதருகே வந்து, "கேக்குதுலே. சும்மா கெட" என்றாள்.

அதிலிருந்து உலக்கை விழுகிற நேரம்தான் எங்களுக்குப் பேச்சு. அத்தாவிடம்கூடச் சொல்லவில்லை, அவர் வயிற்றில் எதுவும் தங்காது. வெளியே எங்காவது போய்ப் பேசியிருக்கலாமே என்பீர்கள். தெருவில் பேசினால் ஊரே பார்க்கும். ஒதுங்கிப் போய்ப் பேசப் பெரிய வீடா இருந்தது?

இவ்வளவுக்கும் மாமுமார் வருவது நிற்கவில்லை. இப்போது கத்திப் பேசினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கடைசியில் ஓர் ஆடிக்காற்றில் புளியமரமே விழுந்தது. இருவரும் ராஜியாகி, எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று மைமூன் இடிக்கும்போது, "இனி கேக்குதுன்னு சொல்லிரும்மா" என்றேன்.

"வேண்டாம்லே. கேட்டும் கேக்காத மாதிரி இருந்தேன்னு தெரிஞ்சா அண்ணன் மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"

அப்படியே வருஷங்கள் போயின. அத்தாவும் காலமானார். அம்மாவின் கடைசிக் காலத்தில் அந்தத் தெருவுக்கு மாவு மில் வந்தது. பெண்கள் கூடையோடு மில்லுக்குப் போனார்கள். மைமூனும் உரலைக் கவிழ்த்துவிட்டாள், சந்து அமைதியாகிவிட்டது. பெண்களுக்கு விடிவுகாலம் என்று எல்லாரும் சொன்னார்கள், உண்மைதான். எனக்கு மட்டும் அந்த மில்காரரை அடிக்கலாம் போல இருந்தது. வியாழக்கிழமை போவேன், அம்மா சோறு போடுவாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.